‘அவர் வருகிறார் என்றதும் ஏன் இந்தப் பதற்றம்?’

குடும்ப ஆலோசனை: வாசகர் கேள்வி – பதில்

படைவீரர் குடும்பங்களிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் ஒரு விந்தை உண்டு. பிரிந்திருக்கும் மாதங்களில் எழுதாதவர்கள், அவர் வரப்போகும் வாரத்தில் எழுதுகிறார்கள். இந்த இதழில் அத்தகைய நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் கணவர் தரைப்படையில் நாயக் பதவியில் பணிபுரிகிறார். திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஒன்றரை ஆண்டு மட்டுமே குவார்ட்டர்ஸில் சேர்ந்து வாழ்ந்தோம். சென்ற ஆண்டு அவருடைய யூனிட் சியாச்சின் பனிமலைக்குச் சென்றது. மூன்று மாதம் மேலே காவல் சாவடியில் இருந்துவிட்டு இப்போது கீழே இறங்கிவிட்டார். லீவு பாஸாகிவிட்டது என்று இருமுறை தேதி சொன்னார், இருமுறையும் தள்ளிப்போயிற்று. முதல்முறை சொன்னபோதே வீட்டுக்கு வெள்ளையடித்து, உறவினர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது தெருவில் போகிறவர்கள்கூட ‘இன்னும் வரவில்லையா?’ என்று கேட்கிறார்கள். நாலரை வயது மகள் போனில் ‘ஹலோ அப்பா’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள். ஆனால் நான் எழுத வந்தது வேறு. அவர் வருகிறார் என்றதும் எனக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் பதற்றமே மிகுதியாக இருக்கிறது. போர்வெல் மோட்டார் பழுதானதிலிருந்து மாமனாரின் கண் அறுவை சிகிச்சை வரை இந்த ஓராண்டில் நானே பார்த்துக்கொண்டேன். வங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நானே ஸ்கூட்டியில் போய் வருகிறேன். அவர் வந்ததும் இதையெல்லாம் விட்டுவிட்டு, மறுபடி ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்பவளாக வேண்டுமே என்று தோன்றுகிறது. தோன்றிய உடனே, பனியில் கிடந்து வருகிறவரைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று என்மீதே வெறுப்பு வருகிறது. நான் நல்ல மனைவிதானா?
— வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களை உறங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது. கணவர் திரும்பும் தறுவாயில் மனைவிக்கு வரும் பதற்றத்தை அன்புக் குறைவு என்று நீங்களே தீர்ப்பெழுதிக்கொள்ள வேண்டாம். ஓராண்டாக ஒரு வீட்டைத் தனியாகத் தாங்கியவர், அந்தப் பொறுப்பில் எதை, எப்போது, எந்த அளவுக்குப் பகிர்ந்துகொள்வது என்று தெரியாமல் பதறுவது இயல்பு. உங்கள் மாவட்டத்திலேயே கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இருக்கின்றன. அங்குள்ள மூத்த பெண்மணி ஒருவரிடம் தனியே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். ‘பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு வந்த முதல் வாரம் எப்படி இருக்கும்?’ என்ற கேள்விக்கு அவருடைய சிரிப்பே பாதி விடையாக இருக்கும்.

அடுத்தது, தேதி. விடுப்பு அனுமதி கிடைப்பதற்கும் அவர் காட்பாடியில் இறங்குவதற்கும் நடுவில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்பது தெரிந்தால் உங்கள் கோபம் பாதி குறையும். 1984 ஏப்ரல் 13 அன்று ‘மேகதூத்’ நடவடிக்கை தொடங்கியது முதல் சியாச்சினில் ஆண்டு முழுவதும் நம் படை நிற்கிறது. எந்தச் சாவடியையும் ஆளில்லாமல் விட்டுவிட்டு இறங்க முடியாது. ஒருவர் இறங்க வேண்டுமானால் அவருடைய இடத்துக்கு இன்னொருவர் ஏற வேண்டும். ஏறுகிறவரோ நினைத்த நாளில் ஏறிவிட முடியாது. 9,000 முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் ஆறு நாள், 15,000 அடி வரை நான்கு நாள், அதற்கும் மேலே இன்னும் நான்கு நாள் என்று உடலைப் படிப்படியாகப் பழக்கிய பிறகே அவரை மேலே அனுப்புவார்கள். நடுவில் பனிப்புயல் வந்தால் எல்லாம் அப்படியே நிற்கும். கீழே இறங்கியவர்களிலும் ஒரே சமயத்தில் இத்தனை பேர்தான் லீவில் இருக்கலாம் என்ற கணக்கு யூனிட்டுக்கு உண்டு. முன்னே போனவர் திரும்புவதில் தாமதமானால் அடுத்தவரின் முறையும் தள்ளிப்போகும். பிறகு லடாக்கில் உள்ள தோயிஸ் விமானத் தளத்திலோ லேயிலோ மேகம் விலகக் காத்திருக்க வேண்டும். சண்டிகரில் இறங்கினால் ட்ரான்சிட் கேம்ப் என்ற இடைத்தங்கல் முகாம், அதன் பிறகு ரயில் டிக்கெட். இவற்றில் எதுவும் உங்கள் கணவரின் கையில் இல்லை. அவர் உங்களுக்குச் சொன்ன தேதி வாக்குறுதியைவிட ஆசைக்கே நெருக்கமானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் வராமலிருக்க, மழையும் பெய்து கொன்றையும் பூத்துவிட்ட பிறகு, ‘இது பருவ மழையே இல்லை, கொன்றை ஏமாந்துபோய்ப் பூத்துவிட்டது’ என்று தலைவிக்குத் தோழி பொய் சொல்லும் சங்கப் பாடல் நம்மிடம் உண்டு. உங்களுக்கு அப்படியொரு தோழிகூடத் தேவைப்படாது. தேதியை ஊருக்குச் சொல்லாமல் இருந்தாலே போதும். அவர் ரயிலில் ஏறி, பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் சொல்லும்வரை, ‘விரைவில் வருவார்’ என்பதற்கு மேல் யாரிடமும் பேச வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே வேண்டாம். படையினர் எப்போது எங்கிருந்து கிளம்புகிறார்கள் என்பது வெளியே போகக் கூடாத செய்தி என்பதை அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

காட்பாடி நடைமேடைக்கு மாலையும் கையுமாக இருபது பேர் செல்வது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு இரவுகள் ரயிலில் வந்தவர் அந்தக் கூட்டத்தில் முதலில் தேடுவது உங்கள் முகத்தையும் குழந்தையின் முகத்தையும். நீங்களும் மகளும் மாமனாரும் போனால் போதும். முதல் மூன்று நாட்களுக்கு விருந்து, குலதெய்வக் கோயில் பயணம், உறவினர் வீடு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இதை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைக் காட்டிலும் உங்கள் கணவரே போனில் சொல்லிவிடுவது நல்லது. ‘அம்மா, வந்ததும் ரெண்டு நாள் தூங்கணும்’ என்று மகன் சொன்னால் மறுபேச்சு இருக்காது, அதையே மருமகள் சொன்னால் அதற்கு வேறு பொருள் முளைத்துவிடும். நம் ஊர்களில் ஜவானின் லீவை ஓய்வு என்று யாருமே கருதுவதில்லை. ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு என்பது தெரிந்ததும், வீடு கட்டுவது, தங்கை திருமணம், காதுகுத்து, பங்காளி வழக்கு அனைத்தையும் அந்த நாட்களுக்குள் அடுக்கிவிடுகிறோம். அவரும் சளைக்காமல் செய்துவிட்டு, வந்தபோது இருந்ததைவிடக் களைத்துப்போய் ரயில் ஏறுகிறார்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் முதல் சோதனை அவளிடமிருந்துதான் வரும். இந்த வயதுக் குழந்தைக்கு அப்பா என்பவர் போனின் கண்ணாடிக்குள் இருக்கும் ஒருவர். அவர் திடீரென்று மீசையும் கறுத்த முகமும் பெட்டியுமாக வாசலில் நின்றால், அவள் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொள்ளக்கூடும். இரவில், ‘இவங்க எங்கே படுப்பாங்க?’ என்றுகூடக் கேட்கலாம். அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் பெரியவர்கள், ‘அப்பாவைத் தெரியலையா? போ, முத்தம் கொடு’ என்று அவளைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அவள் தானாக வரும்வரை தரையில் உட்கார்ந்து ஏதாவது செய்துகொண்டிருந்தால் போதும். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாலே குழந்தைகள் கிட்டே வந்துவிடுவார்கள். பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அந்தக் கறுப்பு ட்ரங்குப் பெட்டிக்கு இணையான விளையாட்டுப் பொருள் கிடையாது.

இனி நீங்கள் எழுத வந்த விஷயம். இதில் என் கருத்து உறுதியானது: நீங்கள் நடத்திவரும் எதையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். லீவு முடிந்து அவர் கிளம்பிய மறுநாள் மோட்டாரும் வங்கியும் தாலுகா ஆபீஸும் மீண்டும் உங்களிடமேதான் வரப்போகின்றன. இரண்டு மாதத்துக்காக ஒரு நிர்வாகத்தைக் கலைத்துவிட்டுப் பிறகு முதலிலிருந்து தொடங்குவதில் அவருக்கும் நன்மை இல்லை. ஆனால் அவருடைய பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். மேலே இருந்த மாதங்களில் ‘நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நினைத்து நினைத்து அவர் மனத்தில் ஒரு பட்டியல் சேர்ந்திருக்கும். வந்து பார்த்தால் மோட்டார் ஓடுகிறது, அப்பாவுக்குக் கண் தெரிகிறது, மனைவி வண்டி ஓட்டுகிறாள். பெருமைப்படுவார், அதே சமயம், தான் இல்லாமலேயே வீடு நடக்கிறது என்ற எண்ணம் எங்கோ ஓரிடத்தில் உறுத்தவும் செய்யும். பல வீடுகளில் ‘இதை ஏன் இங்கே வைத்தாய்? அவனிடம் ஏன் வேலை கொடுத்தாய்?’ என்று கேள்விகளாக வெளிவருவது அந்த உறுத்தல்தான். அதை அதிகாரமாக எடுத்துக்கொண்டு நீங்களும் பதிலுக்குப் பேசினால் லீவு முழுவதும் அதிலேயே போய்விடும்.

ஆகவே, அவர் வருவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஓராண்டின் வரவு செலவு, கொடுக்க வேண்டிய கடன், மின் கட்டணம், மாமனாரின் மருந்து விவரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அதை வந்த அன்று இரவே நீட்டாமல் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காட்டுங்கள். கணக்குக் கொடுக்கும் தோரணையில் காட்ட வேண்டாம். இனி என்ன செய்யலாம் என்று சேர்ந்து பேசுவதற்காகக் காட்டுங்கள். முழுக்க முழுக்க அவருக்கே உரியதாக ஒரு வேலையை ஒதுக்கிக் கொடுங்கள். மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று அழைத்து வருவது, அப்பாவின் கண் பரிசோதனை, இப்படி ஏதாவது ஒன்று. அதில் நீங்கள் குறுக்கிடவே கூடாது, அவள் தலையை அவர் கோணலாகப் பின்னி அனுப்பினாலும் சரி. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதை அவரிடம் மறைத்து, பின்னால் உட்கார்ந்து போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து அவரைப் பின்னால் உட்காரவைத்து நீங்களே ஓட்டி வந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். பெட்டி ஆட்டோவில் வரட்டும்.

கேள்வி: என் மகன் வடக்கே மிக உயரமான பகுதியில் பணி முடித்து, லீவில் வந்து பத்து நாட்களுக்கு மேலாகிறது. நள்ளிரவில் எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் ‘ஒண்ணுமில்லப்பா’ என்கிறான். உடம்பு இளைத்துவிட்டது, பெயர்கள்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. மருமகளிடம் சிறு விஷயத்துக்கும் எரிந்து விழுகிறான், பிறகு தானே வருந்துகிறான். தன்மீதுதான் ஏதோ கோபம் என்று அந்தப் பெண் அழுகிறாள். மாலையானால் இராணுவக் கேன்டீன் மது பாட்டிலை எதிர்பார்த்து நண்பர்கள் வேறு வந்துவிடுகிறார்கள். நான் யாரிடம் என்ன சொல்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி மாவட்டம்

பதில்: ஐயா, முதலில் மருமகளிடம் சொல்லுங்கள்: இதில் அவர் செய்த குற்றம் ஏதுமில்லை. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜனே கிடைக்கிறது. அங்கே பசி எடுப்பதில்லை, ஆழ்ந்த உறக்கம் வருவதில்லை, எடை குறைகிறது, மறதி வருகிறது. குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும். உலோகத்தை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் துப்பாக்கியைக் கையுறையோடுதான் பிடிக்க வேண்டும். சாவடியை விட்டு நடந்தால் ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பனிக்கு அடியில் எங்கே பிளவு இருக்கிறது என்பது காலை வைக்கும்வரை தெரியாது. இரவுக் காவல் முறை முறையாக வரும். மாதக்கணக்கில் இப்படி விழிப்போடு இருந்த உடல், தேனிக்கு வந்து மெத்தையில் படுத்ததும் ‘இனி ஆபத்தில்லை’ என்று தானாக நம்பிவிடாது. நள்ளிரவில் அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது பழைய காவல் முறையின் தொடர்ச்சியாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல் நீங்களும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். முடிந்தால் ஒரு தம்ளர் சுக்குக் காபியோடு.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் உறக்கமும் பசியும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதுவரை வெயிலில் வயல் வேலை, கட்டட வேலை என்று இழுக்காதீர்கள். ஆனால் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சுத் திணறினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயரமான இடங்களில் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு இரத்தம் உறையும் அபாயம் கூடுதல். இராணுவ மருத்துவமனை தொலைவில் இருந்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, உடனே யூனிட்டுக்குத் தகவல் கொடுத்துவிடட்டும். உறக்கமின்மையும் எரிச்சலும் ஒரு மாதத்தைத் தாண்டினாலோ, கெட்ட கனவில் அலறி எழுந்தாலோ, தூங்குவதற்காகவே குடிக்கத் தொடங்கினாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவையில் படையினருக்கென்று ஒரு தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனே இராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. உங்கள் மகன் தயங்குவார். மெடிக்கல் கேட்டகிரி எனப்படும் உடல்தகுதித் தரம் குறைந்துவிடும், அடுத்த ப்ரமோஷன் தட்டிப்போகும் என்ற அச்சம் ஜவான்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த அச்சத்தைக் கேலி செய்யாமல், ‘முதலில் போனில் மட்டும் பேசிப்பார்’ என்று தொடங்கினால் ஒருவேளை இணங்குவார்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் நான் சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன். உறக்கம் கெட்டிருக்கும் ஒருவருக்கு மது உறக்கத்தைத் தராது, உறக்கத்தை இன்னும் உடைக்கும். ‘இந்தத் தடவை கோட்டா எடுத்துட்டு வரலப்பா’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஆசிரியராக இருந்தவரிடம் வாதாட உங்கள் மகனின் நண்பர்களுக்குத் துணிவு வராது. அவர்களில் பாதிப் பேர் உங்களிடமே படித்தவர்களாக இருப்பார்கள்.

கேள்வி: என் கணவரிடமிருந்து போன் வந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டாலும் சொல்வதில்லை. மாமியார் நாள் முழுவதும் செய்திச் சேனலை ஓடவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா 2016இல் நடந்த பனிச்சரிவைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசுகிறார். போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டு வீட்டிலுள்ள எல்லோரும் பேசிவிட்டு, கடைசியில்தான் என் கைக்கு வருகிறது, ‘சரி, வைக்கட்டுமா?’ என்பதற்குள் நின்றுவிடுகிறது.
— வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இடத்தைச் சொல்லாமல் இருப்பது உங்கள்மீது நம்பிக்கையில்லாததால் அன்று. அது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அவருடைய முகவரியே அப்படித்தான் இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்: பெயர், படை எண், யூனிட், அதன்கீழ் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (இராணுவ அஞ்சலகம்) என்று மட்டும் இருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது. கைப்பேசிச் சேவை இப்போது பனிமலைப் பகுதிகளையும் எட்டியிருக்கிறது என்றாலும், முன்வரிசைச் சாவடியிலிருந்தும் ரோந்திலிருந்தும் நினைத்தபோது பேச முடியாது. சில நேரங்களில் போன்களை வாங்கி வைத்துவிடுவதும் உண்டு. ஐந்து நாள் மௌனத்துக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் சாவடி பனியில் புதைந்து, மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரை இழந்தோம். அந்தப் பத்துப் பேரில், ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்தார். அவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்ததால் அந்த நினைவு நம் ஊர்களில் எளிதில் போகாது. உங்கள் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் அக்காவிடம், ‘இதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம், எனக்குத் தாங்கவில்லை’ என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுவது மரியாதைக் குறைவாகாது.

செய்திச் சேனலைப் பொறுத்தவரை, 2025 மே 7 முதல் 10 வரை நடந்த மோதலின்போது திரையிலும் வாட்ஸ்அப்பிலும் எத்தனை பொய்ச் செய்திகள் ஓடின என்பதை மாமியாருக்கு நினைவூட்டுங்கள். உங்கள் கணவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தச் செய்தி யூனிட்டிலிருந்தோ அரசு அலுவலர் மூலமாகவோ உங்களுக்கு வரும். தொலைக்காட்சியின் ஓடும் எழுத்துகளைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வராது. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை செய்தி பார்த்தால் போதும் என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். அவசரத்துக்கு யூனிட்டில் யாரைத் தொடர்புகொள்வது என்ற எண்ணை, அடுத்த முறை அவர் பேசும்போதே வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றிய உங்கள் குறை முற்றிலும் நியாயமானது. அவரிடமே சொல்லுங்கள்: ஒருமுறை அம்மா அப்பாவின் எண்ணுக்கு, மறுமுறை உங்கள் எண்ணுக்கு என்று முறை வைத்துக்கொள்ளட்டும். உங்கள் முறை வரும்போது ஸ்பீக்கர் வேண்டாம். எழுதும் வழக்கம் இருவருக்கும் இருந்தால் ஏ.பி.ஓ. முகவரிக்குக் கடிதம் போடுங்கள். காகிதம் போய்ச் சேர நாளாகும். ஆனால் அதை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம், நடுவில் யாரும் பிடுங்கவும் மாட்டார்கள்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. திருமணம் முடிந்த மூன்றாம் வாரம் என் கணவர் எல்லைப் பகுதியில் ஃபீல்டு பணிக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் லீவில் வருகிறார். அந்த நாட்களில் தவறாமல் முடிக்க வேண்டிய அலுவலக வேலைகள் யாவை? நான் அவரோடு குவார்ட்டர்ஸில் தங்க முடியுமா?
— வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஃபீல்டில் இருக்கும் யூனிட்டுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது, குடும்பத்தோடு தங்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனுக்கு மாறுதல் வந்த பிறகே குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கணவர் ஃபீல்டில் இருக்கும் காலத்தில் மனைவி மக்கள் ஓர் இராணுவ நிலையத்தில் தங்குவதற்கென்று பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான குடியிருப்புகள் உண்டு. பல இடங்களில் காத்திருப்புப் பட்டியல் இருக்கும் என்பதால் விண்ணப்பத்தை அவர் யூனிட் வழியாக முன்கூட்டியே கொடுப்பது நல்லது.

அலுவலக வேலைகளில் எல்லாவற்றுக்கும் முந்தியது, உங்கள் திருமணம் பார்ட் டூ ஆர்டரில் வெளியாகிவிட்டதா என்று பார்ப்பது. யூனிட் வெளியிடும் அந்த ஆணை, படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் பதிவான பிறகுதான் இராணுவத்தின் கணக்கில் நீங்கள் அவருடைய மனைவி. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. மருத்துவமனை அட்டை, கேன்டீன் கார்டு, பின்னாளில் ஓய்வூதியம் வரை எல்லாமே அந்தப் பதிவிலிருந்துதான் கிளைக்கின்றன. கல்யாண அமளியில் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்து அலைகிற குடும்பங்கள் ஏராளம். திருமணப் பதிவுச் சான்றிதழை இதுவரை வாங்கவில்லையென்றால் அவர் வந்த முதல் வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

அடுத்து, பெயரின் எழுத்து. உங்கள் ஆதாரில் ஒருவிதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும், அவர் யூனிட்டில் எழுதிக் கொடுத்ததில் இன்னொரு விதமாகவும் இருந்தால் இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடுவதும் குறைவதும் நமக்குச் சாதாரணம். ரெக்கார்ட் ஆபீஸில் அது வேறொரு பெண். முன்னெழுத்தா, கணவர் பெயரா, தந்தை பெயரா என்பதிலும் இதே சிக்கல் வரும். பிறந்த தேதியையும் சரிபாருங்கள்.

இராணுவக் குழுக் காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் திருமணத்துக்கு முன் அம்மாவின் பெயரை வாரிசாகக் கொடுத்திருப்பார். அதை எப்படி மாற்றுவது, எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதை அவரே மாமியாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யட்டும். பேச்சு உங்கள் வாயிலிருந்து தொடங்க வேண்டாம். வங்கியில் கூட்டுக் கணக்கைத் திறந்து, உங்கள் கைப்பேசி எண்ணையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலத் தகராறோ வழக்கோ ஏதேனும் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து போய் வாருங்கள். பெயரில் ‘முன்னாள்’ என்றிருந்தாலும் பணியில் இருப்பவர்களின் குடும்ப மனுக்களையும் அங்கே வாங்கிக்கொள்வார்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் படைவீரர் குறைதீர் கூட்டத்திலும் நீங்களே மனு கொடுக்கலாம். நீதிமன்ற வழக்காக இருந்தால், போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணிபுரியும் படைவீரர் நேரில் வர இயலாத காரணத்தால் வழக்கை ஒத்திவைக்கும்படி கேட்க 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞரிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், பலருக்கு நினைவிருப்பதில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. திருமணமான மூன்றாம் வாரமே பிரிந்தவர்கள் நீங்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் வாரத்தில் இரண்டு முற்பகல்களை ஒதுக்கினால் எல்லாம் முடிந்துவிடும். மற்ற நாட்களில் இந்தக் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.